காத்தக்கா காற்றைப் பார்த்த நாள்

எங்கள் ஊரில் காற்றை நம்பி விளையாடுகிற அத்தனை பேரும் அவரைக் காத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேட்டு உச்சியிலிருந்து பாராகிளைடரில் கிளம்புகிறவர்கள், ஏரியில் பாய்மரப் படகு விடுகிறவர்கள், விடுமுறை வந்தால் மலைப்பாதையில் சைக்கிளை மிதிக்கிறவர்கள், ஆளுயரப் பட்டங்களைச் சுமந்துகொண்டு திறந்தவெளி தேடி அலைகிறவர்கள் என்று ஒரு கூட்டமே சனிக்கிழமை காலையில் வானொலிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஞாயிறன்று வானம் எப்படி, காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று காத்தக்கா சொன்ன பிறகுதான் சாமான்களை வண்டியில் ஏற்றுவார்கள்.

நான் அந்த வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். வாரநாட்களில் அவர் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தார். சனிக்கிழமை எங்களிடம் வந்துவிடுவார். எங்கள் அறை கட்டிடத்தின் நிலவறையில் இருந்தது. ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. சுவர் நெடுகப் பஞ்சுப் பலகை ஒட்டியிருக்கும். வெளியே புயலே அடித்தாலும் உள்ளே ஒரு காகிதம் அசையாது. அங்கே உட்கார்ந்து, பழுப்பு நிறக் கம்பளிச் சட்டையின் கைகளை விரல்வரை இழுத்து மூடிக்கொண்டு, எதிரே யாரோ டீ குடித்துக்கொண்டிருப்பதுபோல அவர் பேசுவார்.

"படகுக்காரங்க நாளைக்கு நல்லாத் தூங்குங்க. காலையில பாயைத் தூக்கினா துணி காயப்போட்ட மாதிரிதான் தொங்கும். மதியத்துக்கு மேல வாங்க, கை நோகிற அளவுக்குக் காத்து இருக்கு."

அவருடைய அறிக்கை இப்படித்தான் இருக்கும். கோடையில் அவருக்கு வேலை சுலபம். குளிர்காலத்தில் வெளியே வர ஆளே இருக்காது. நடுவில் வருகிற இலையுதிர் காலம்தான் அவரைப் படாதபாடு படுத்தும். காலையில் பள்ளத்தாக்கு மூடுபனியில் முங்கிக் கிடக்கும், மதியம் பளீரென்று வெயில், சாயங்காலம் எங்கிருந்தோ ஒரு குளிர்காற்று வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுவிட்டுப் போகும். அந்தக் குளிர்காற்று எப்போது வந்து சேரும் என்று சொல்வதில்தான் அவருக்குத் தூக்கம் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரையே பறக்கவிட்ட காத்தக்காவுக்கு உயரம் என்றால் குலைநடுக்கம். பல்பு மாற்றுவதற்கு ஸ்டூலில் ஏறக்கூட மாட்டார். மேட்டுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. யாராவது கூப்பிட்டால், "காத்து என்ன சினிமாவா, போய்ப் பார்க்கறதுக்கு? கணக்குப் போட்டாப் போதும்" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

அவர் கணவர் பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. உள்ளே காலை வைத்ததும் அலமாரியில் வரிசையாக அடுக்கிய பற்கள் நம்மைப் பார்த்து இளிக்கும். "இந்த வீட்டுல என்னைப் பார்த்துச் சிரிக்கிறது இதுங்க மட்டும்தான்" என்பார், மனைவி காதில் விழும்படியாக. ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. ஞாயிறு தவறாமல் நீச்சல் வகுப்புக்குப் போகிறேன் என்று பை எடுத்துக்கொண்டு கிளம்புகிற பெண்.

அந்த ஆண்டு இலைகள் நன்றாகப் பழுத்திருந்த ஒரு சனிக்கிழமை. நேயர்கள் தொலைபேசியில் பேசுகிற நேரம். மேட்டுக் குழுவிலிருந்து வாராவாரம் ஒருவர் முறை வைத்துக் கூப்பிட்டு நிலவரம் கேட்பார்கள். அன்றைக்கும் ஒரு அழைப்பு வந்தது. நான் இணைப்பைக் கொடுத்தேன்.

"வணக்கம்ங்க. நாங்க மேட்டுலேருந்து பேசறோம்." பெண் குரல். ஜலதோஷம் பிடித்ததுபோலக் கட்டையாக இருந்தது. "நாளைக்கு மதியம் பறக்கலாமா? மேல காத்து எப்படி இருக்கும்?"

காத்தக்கா பதில் சொல்லவில்லை.

வானொலியில் மௌனம் என்பது பெரிய விஷயம். கொஞ்சம் நீண்டாலே கேட்கிறவர்கள் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒலிவாங்கியையே வெறித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு கம்பளிக் கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"காலையில மூடுபனி இருக்கும், அவசரப்படாதீங்க. அது கலைஞ்சதும் மேற்கேருந்து மெல்லிசாக் காத்து ஏறும். மேட்டுக்கு நேரா வரும். பறக்கறதுக்கு இதைவிட நல்ல காத்து இந்த மாசத்துல கிடைக்காது." எதிரே இருந்த தாளைப் புரட்டினார். "ஆனா சாயங்காலம் ஒரு குளிர்காத்து வருது. இருட்டறதுக்கு முன்னாடிதான் வந்து சேரும்னு நினைக்கிறேன். இருந்தாலும் மூணு மணிக்குள்ள எல்லாரும் தரையில இருங்க. எல்லாரும்."

"சரிங்க. ரொம்ப நன்றிங்க" என்றது கட்டைக்குரல். இணைப்பு போய்விட்டது.

பாட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். "என்னக்கா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"அது என் பொண்ணு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "யாரு அக்கா?"

"இப்பப் பேசினது. குரலை மாத்தினா மட்டும் பெத்தவளுக்குத் தெரியாதா?" தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "நல்ல காத்துன்னு சொல்லிட்டேன். என்ன பண்ணறது, நல்ல காத்துதானே? இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அன்று மாலை அவர்கள் வீட்டில் நடந்ததை அவர் கணவர் எனக்குப் பிறகு சொன்னார். மகள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டாராம், "எத்தனை நாளா?" மகள் மறைக்கவில்லை. "ரெண்டு வருஷமா" என்றாளாம். காத்தக்கா கணவர் பக்கம் திரும்பினார். அவர் கையிலிருந்த மேல்வரிசைப் பல்லை ரொம்பக் கவனமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நீச்சல் வகுப்புக்குப் போறவ தலை ஒருநாளும் நனைஞ்சதில்லையே. கேட்டேன், சொல்லிட்டா. ஹெல்மெட்டைக்கூட நம்ம பல் அச்சு மாவு மூட்டைக்குப் பின்னாடிதான் வெச்சிருக்கோம்."

"வெச்சிருக்கோமா?"

"வெச்சிருக்கா" என்று திருத்திக்கொண்டாராம் அவர்.

சண்டை வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. காத்தக்கா அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "நாளைக்கு நானும் வர்றேன்" என்றார்.

அவர்களிடம் வண்டி இல்லாததால் என் பழைய காரில்தான் போனோம். மகள் விடியும்போதே குழுவோடு போய்விட்டாள். மலைப்பாதையில் வளைவு வரும்போதெல்லாம் காத்தக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கணவர் முன் இருக்கையில் உட்கார்ந்து, "கண்ணை மூடினா மட்டும் ரோடு நேராயிடுமா?" என்று கேட்டுத் தோளில் ஒரு குத்து வாங்கினார்.

மேட்டின் உச்சி மேற்கே பார்த்த அகலமான புல்வெளி. பனி விலகினால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கக் காடு. மஞ்சளும் சிவப்பும் காவியுமாக மரங்கள் ஆற்றின் இரு கரையிலும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் முதுகுக்குப் பின்னால், மேட்டின் கிழக்குச் சரிவுக்கு அப்பால், அறுவடை முடிந்த வயல்கள் ஒரு மரம்கூட இல்லாமல் தட்டையாகப் பரந்து கிடந்தன. காத்தக்கா காரைவிட்டு இறங்கி நாலடி நடந்தார். அதற்கு மேல் முடியவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

அவர் சொன்னபடியே பள்ளத்தாக்கை மூடுபனி மூடியிருந்தது. சொன்னபடியே கலைந்தது. வெள்ளைப் போர்வையை யாரோ கீழேயிருந்து உருவுவதுபோல அது விலக விலக, ஆறும் பாலமும் கூரைகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சற்று நேரத்தில் புல் நுனிகள் எங்கள் பக்கமாகத் தலையாட்டின. மேற்குக் காற்று.

"அட" என்றார் காத்தக்கா. அவ்வளவுதான் சொன்னார்.

பறப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஒட்ட வெட்டிய தலை, கையில் எப்போதும் வாக்கி-டாக்கி. காத்தக்கா வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஓடிவந்து கும்பிடாத குறையாக நின்றார். தன்னிடம் பறக்கப் பழகுகிறவள் காத்தக்காவின் மகள் என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். மகள் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பேச்சில் பாராகிளைடருக்குக் குடை என்று பெயர். ஆரஞ்சு நிறக் குடை. அம்மாவைப் பார்த்து ஒருமுறை கையை உயர்த்தினாள். பிறகு சரிவை நோக்கி ஓடினாள். கால்கள் தரையைவிட்டுப் போவதை நான் பார்த்தேன். காத்தக்கா பார்க்கவில்லை. தலையை முழங்காலில் புதைத்திருந்தார்.

"போயிட்டா. நல்லாப் போறா. கண்ணைத் திற" என்றார் கணவர்.

அவர் கண்ணைத் திறந்தபோது மகள் எங்களுக்கு நேர் எதிரே, எங்கள் உயரத்தில், ஒன்றும் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போனாள், திரும்பினாள், இந்தப் பக்கம் வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் மேலே போனாள். காத்தக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. காற்றின் வேகத்தை மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் குனிந்து கேட்டால், "எப்படி ஏறுது பாருங்க, எப்படி ஏறுது பாருங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்பகல் இரண்டுகூட ஆகியிருக்காது. ஆறேழு குடைகள் வானத்தில் இருந்தன. காத்தக்கா திடீரென்று பேச்சை நிறுத்தினார். எதிர்மலையின் அடிவாரத்தில் ஒரு செங்கல் சூளை உண்டு. அதன் புகை காலையிலிருந்து நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. இப்போது அது தரையோடு தரையாகப் படுத்து எங்கள் பக்கம் ஓடி வந்தது.

"மாஸ்டர்!" என்று கத்தினார். அந்தக் குரல் அவரிடமிருந்து வரும் என்று நான் நினைத்ததே இல்லை. "எல்லாரையும் இறக்குங்க. வந்துடுச்சு. நான் சொன்ன நேரம் தப்பு. இப்பவே வந்துடுச்சு!"

மாஸ்டர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வாக்கி-டாக்கியில் சொல்ல ஆரம்பித்தார். தாழ இருந்த குடைகள் சட்டென்று ஆற்றங்கரைப் புல்வெளிக்குச் சரிந்தன. ஒன்று இறங்கியது, இன்னொன்று, அப்புறம் மூன்று. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது ஆரஞ்சு நிறம்.

அப்போதுதான் காடு எழுந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் மரங்களின் தலைகள் ஒரே வரிசையாக மடங்கின. மடங்கிய இடத்திலிருந்து இலைகள் கிளம்பின. கொத்துக் கொத்தாகக் கிளம்பியவை அங்கே இங்கே சிதறாமல், பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே சுவராக நிமிர்ந்தன. அந்தச் சுவர் ஏறியது. ஆற்றைத் தாண்டி உயர்ந்து, எதிர்மலையை மறைத்து, எங்கள் மேட்டையும் தாண்டி அண்ணாந்து பார்க்கும்படி உயர்ந்தது. வெயில் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. லட்சக்கணக்கான இலைகள், மஞ்சள், சிவப்பு, காவி, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புரண்டு மின்னின. முன்விளிம்பில் அவை நேராக மேலே ஓடின, உச்சியில் வளைந்து பின்னால் சாய்ந்தன, திரும்பவும் அடியிலிருந்து கிளம்பின. இவ்வளவும் சத்தமே இல்லாமல். அதன் இரைச்சல் எங்கள் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

காத்தக்கா எழுந்து நின்றுவிட்டார். எப்போது எழுந்தார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. புல்வெளியின் விளிம்புக்கே போய்விட்டிருந்தார்.

வாக்கி-டாக்கியில் மகளின் குரல் கேட்டது. "மாஸ்டர், இறங்க மாட்டேங்குது. குடையோட ரெண்டு ஓரத்தையும் மடிச்சுப் பார்த்துட்டேன். மேலதான் தூக்குது."

மாஸ்டர் காத்தக்கா பக்கம் திரும்பினார். "அக்கா, இவ இப்ப முன்னாடி இறங்கினா மரத்துல கொண்டுபோய் அடிச்சிடும். உயரம் நிறைய இருக்கு. மேட்டைத் தாண்டிப் பின்னாடி வயலுக்கு அனுப்பிடலாம்னு பார்க்கறேன். ஆனா இந்தச் சுவருக்குப் பின்னாடி காத்து எப்படி இருக்கும்? இதைவிட வெறியா இருக்குமா?"

"தெரியலை" என்றார் காத்தக்கா. பிறகு அவசரமாக, "முரட்டுத்தனம் எல்லாம் அந்த முன்விளிம்புலதான் இருக்கும். பின்னாடி வேகம் இருக்கும், ஆனா ஒரே சீரா இருக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நேரத்தையே தப்பாச் சொன்னவ நான், என்னை நம்பாதீங்க."

"இது போதும்க்கா" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வாக்கி-டாக்கியை அவர் கையில் திணித்தார். "நீங்களே சொல்லுங்க. உங்க குரலைக் கேட்டா அவளுக்குக் கை நடுங்காது."

காத்தக்கா அதை வாயருகே கொண்டுபோனார். சனிக்கிழமைக் குரல் தானாக வந்தது.

"பாப்பா, அம்மா பேசறேன். இறங்கறதுக்குப் பார்க்காதே. மேல தூக்கினா தூக்கட்டும், விடு. மேட்டைத் தாண்டிக் கிழக்கே போ. வயல் நடுவுக்குப் போ. முதல்ல கொஞ்சம் உலுக்கும். கையை விட்டுடாதே. அதைத் தாண்டிட்டா காத்து சீராயிடும். அப்ப முகத்தைக் காத்துப் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு மெதுவா இறங்கு."

"சரிம்மா." ஒரு நொடி கழித்து, "அம்மா, கீழேயிருந்து உனக்குத் தெரியுதா இது?"

"தெரியுதுடி. நல்லாத் தெரியுது."

அதற்குள் இரைச்சல் வந்துவிட்டது. மேட்டின் முகத்தில் காற்று மோதியபோது எங்கள் எல்லோரையும் தரையில் தள்ளியது. கண், காது, சட்டைக்குள் எல்லாம் இலை. ஈர மண்வாசனை. கணவர் மனைவியின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். நான் தலையைத் திருப்பிப் பார்த்தபோது மேலே பழுப்பு நிற வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எங்கேயோ ஆரஞ்சு நிறம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது, சுழன்றது, மறைந்தது.

பிறகு வாக்கி-டாக்கியில் கரகர சத்தம்தான்.

காரை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். காத்தக்கா முன் இருக்கையில் கண்ணை அகல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வளைவில்கூட மூடவில்லை. "வலதுபக்கம் போங்க. காத்து கொஞ்சம் வடக்கேருந்து வருது, அவளைத் தெற்கே தள்ளியிருக்கும்" என்றார். வயல்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் ரொம்ப தூரம் போனோம். வானம் கழுவிவிட்டதுபோல நீலமாகிவிட்டது. காற்று பலமாக, ஆனால் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

உழுத வயலின் நடுவில், சுருட்டிய குடையின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் சிராய்த்திருந்தது. மூஞ்சியெல்லாம் சேறு. அப்பா ஓடிப்போய் அவள் தலை, தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில், "வாயைத் திற, பல்லு எல்லாம் இருக்கா?" என்றார். அவள் சிரிக்கத் தொடங்கினாள். அழுகையும் கலந்து வந்தது.

காத்தக்கா கட்டிப்பிடிக்கவில்லை, திட்டவும் இல்லை. எதிரே சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அங்க எப்படி இருந்துச்சு?"

மகள் யோசித்தாள். "முதல்ல பயந்துட்டேன்மா. எல்லாம் ஆடுச்சு. அப்புறம் இலை எல்லாம் என்கூடவே மேல வந்துச்சு. என் பக்கத்துல, கைக்கு எட்டுற தூரத்துல. அதுங்களும் காத்தோட வருது, நானும் காத்தோட வர்றேன், அதனால எல்லாம் நின்னுட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு இலை என் முகத்துக்கு நேரா வந்து நின்னு மெதுவா ஒரு சுத்து சுத்துச்சு. அதோட நரம்பெல்லாம் தெரிஞ்சுது. கீழே ஊரு இத்தனூண்டு. நான் எங்க இருக்கேன்னே மறந்துட்டேன்."

காத்தக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "இருபது வருஷமா வானிலை வரைபடத்துல இதைத்தான் வெறும் கோடாப் போட்டுட்டு இருந்தேன்" என்றார். பிறகு அவள் சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி இலையை வெளியே எடுத்தார். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வழக்கம்போல வந்தார். நிகழ்ச்சி தொடங்கியதும் முதல் வேலையாக, போன வாரம் குளிர்காற்று வரும் நேரத்தைத் தவறாகச் சொன்னதாகவும், அதனால் சிலர் ஆபத்தில் மாட்டிக்கொண்டதாகவும், இனி இந்த மாதிரி நாட்களில் மதியத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லப்போவதாகவும் ஒளிக்காமல் சொன்னார். அதன்பிறகு மேட்டிலிருந்து பார்த்ததை விவரித்தார். எழுதிக்கொண்டு வரவில்லை. இடையில் வார்த்தை கிடைக்காமல் நின்றார். அந்த மௌனத்துக்கு நான் கையை ஆட்டவில்லை.

அவர் முடித்ததும் ஒரு அழைப்பு வந்தது. வயதான ஆண் குரல். கிழக்கே பெரிய ஏரியில் படகு விடுகிறவராம், முதல் தடவையாகக் கூப்பிடுகிறாராம்.

"அம்மா, அன்னைக்கு நான் ஏரி நடுவுல இருந்தேங்க. எந்தக் கரையும் கண்ணுக்குத் தெரியாத இடம். சாயங்காலம் காத்து கொஞ்சம் அடங்கினதும் வானத்துலேருந்து இலை விழ ஆரம்பிச்சுதுங்க. மழை மாதிரி இல்லை, ஒண்ணு ஒண்ணா, ரொம்ப நிதானமா. சுத்துவட்டாரத்துல ஒரு மரம் கிடையாது. நான் பாயை இறக்கிட்டு உட்கார்ந்துட்டேன். இது எங்கேருந்து வருதுன்னு ஒரு வாரமா யார்கிட்ட கேட்கறதுன்னு தெரியாம இருந்தேன்."

காத்தக்கா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் விழுந்துச்சுங்க?"

"பொழுது சாயற வரைக்கும். தண்ணி முழுக்க மஞ்சளாயிடுச்சு. படகைத் திருப்பவே மனசு வரலை."

காத்தக்கா அவரிடம் இன்னும் என்னென்னவோ கேட்டார். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, இலைகள் காய்ந்திருந்தனவா, நனைந்திருந்தனவா, அவை விழும்போது சுழன்றனவா என்றெல்லாம். நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது. அடுத்து வரவேண்டிய பாட்டை நான் போடவில்லை. இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.